ஐஸ் ஹாக்கி பார்க்கச் சொன்ன லேபிள்காரர்

இன்று காலை ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிப்பவர். முன்பின் பழக்கமில்லை.

"ஐஸ் ஹாக்கி பாத்திருக்கீகளா? நாளைக்கு ஃபைனல், விட்றாதீக. பந்து கிடையாது, வட்டத் தட்டு. பனியில அம்புட்டு வேகமா வழுக்கிட்டுப் போகும்!"

இந்த வெயிலில் பனி விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு சிபாரிசு? ஏதோ விளையாட்டு ஆப் சந்தாவை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இறங்குவதற்கு முன் ஒரு லேபிள் மாதிரியைக் காட்டினார். தரைச்சக்கரப் பெட்டிக்கானது. ஹெல்மெட் போட்ட வீரர் ஒருவர், எரிகிற சக்கரத்தை மட்டையால் விளாசுகிறார்.

"தீவாளிக்குள்ள நாலு பேருக்காச்சும் ஆட்டம் தெரியணும்ல? இல்லைன்னா படம் யாருக்கு வெளங்கும்?"

நாளை நானும் பார்க்கப்போகிறேன். நீங்களும் பாருங்கள்.

தீபாவளியன்று சக்கரம் கொளுத்தும்முன், வீட்டிலிருக்கும் கிரிக்கெட் மட்டை யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.