பேக்கப்பில் அந்தக் கோப்புறை இல்லை

அழித்தது நான்தான். இசக்கியின் நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளையும் ஒரே சொடுக்கில் அழித்தேன். அது கைத்தவறு. அதற்குப் பிறகு நான் செய்த எதுவும் கைத்தவறு அன்று...

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எனக்கு யாரென்றே தெரியாது. ஒருவேளை அதனால்தானோ!

செம்பூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் எனக்கு வேலை. மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பதினோரு ஆண்டுகள் அந்த மையத்தில் ஒப்பந்த ஊழியையாக இருந்தேன். ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்தச் சர்வரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி டிரைவ் உண்டு. அளவில் சிறியது, அவரவர் மட்டுமே திறக்கலாம். அது போக, துறைக்கு ஒரு பொது டிரைவ். அளவில் பெரியது, துறையில் இருக்கும் எவரும் அதில் போடலாம், எடுக்கலாம். அழிக்கவும் செய்யலாம்.

இசக்கியம்மாள் தாராவியிலிருந்து வந்த ஆய்வு மாணவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு மணமாகி வந்த பெண்கள், பள்ளிக்கூடம் போகாமல், தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்று நின்றே எப்படி இந்தி கற்றார்கள் என்பது அவள் ஆய்வு. வீடு வீடாகப் போய் அவர்களைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவுசெய்தாள்.

ஒரு நாள் மதியம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“விஜிக்கா, என் டிரைவு ஃபுல்லாயிட்டுன்னு காட்டுது. ஃபோன்லயும் ஜகா இல்ல. நாளைக்கி ரெண்டு வீட்டுக்குப் போணும். எங்கன கொண்டு போட?”

“கூட இடம் வேணும்னு ஃபாரம் எழுதிக் குடு. அப்ரூவல் வர வரைக்கும் பொது டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டுத் தரேன்.”

“அழிஞ்சு கிழிஞ்சு போயிராதுல்லா?”

“தினமும் பேக்கப் ஆறதும்மா. நீ ஏன் கவலைப்படறே?”

கோப்புறையை நானே உருவாக்கினேன். தற்காலிகம்தானே என்று ‘டெம்ப்’ என்று பெயரிட்டேன். பிறர் குரல்களை வெளியே எங்கும் வைக்கக்கூடாது, பல்கலைக்கழகச் சர்வரில் மட்டுமே இருக்கவேண்டும் என்ற விதியையும் நினைவுபடுத்தினேன். அவள் தலையாட்டிவிட்டு, ஏற்றி முடித்த பதிவுகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாள். என் கண்ணெதிரேதான் நீக்கினாள்...

அவள் தந்த ஃபாரத்தை நான் மேலே அனுப்பவே இல்லை. என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அன்று ஏற்றிய பதிவுகளில் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பெண் சொல்கிறாள்: “நான் மொத மொத படிச்ச இந்தி ‘ஹட்’. கொழாயடியில எல்லாரும் என்னப் பாத்து அதத்தாம் சொன்னாவ. வணக்கம் போலுக்குன்னு நெனச்சு, மறுநா பக்கத்து வீட்டுக்காரியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ‘ஹட்’டுன்னேன்!” ‘தள்ளிப் போ’ என்று விரட்டும் சொல் அது. சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். இசக்கி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இனி, நான் சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன். தினமும் பேக்கப் ஆகிறது என்று அவளிடம் சொன்ன அன்றைக்கு, பேக்கப் நின்று மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

பிரதியெடுக்கும் கருவி மழைக்காலத்தில் பழுதாகிவிட்டது. ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். அடுத்த கொள்முதலில் பார்க்கலாம் என்றார்கள். மறுமுறை நான் கேட்கவில்லை. ஆனால் பேக்கப் பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று நாள்தோறும் கையெழுத்திட்டேன். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. பழுது, குறை, விளக்கக் கடிதம் என்று எதிலும் என் பெயர் அடிபடக்கூடாது என்று நினைத்தேன்.

வீட்டில் கஷ்டம் என்று சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. கணவருக்கு நல்ல வேலை. நிரந்தரம் என்ற ஒரு சொல்... அதற்காகத்தான்!

தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அதற்கான ஆவணங்களை ஏற்றப் பொது டிரைவில் இடம் வேண்டும் என்று துறைத்தலைவர் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை ‘டெம்ப்’ என்று தொடங்கும் கோப்புறைகளைத் தேடி, வந்தவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. சர்வரில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போய்க் காத்திருக்காது.

திங்கட்கிழமை காலையில் இசக்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, என் ஃபோல்டரக் காணும்.”

அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. “இரு, பார்க்கறேன்” என்றேன். திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் வழி இருந்தது! அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை வட்டிலேயே கிடக்கும். சர்வரை அப்படியே நிறுத்தி, வட்டைக் கழற்றி, மீட்டெடுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். ஆனால் சர்வரை நிறுத்தக் காரணம் எழுதவேண்டும். பேக்கப்பிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். பிறகு பதிவேட்டைக் கேட்பார்கள்...

தரமதிப்பீட்டு ஆவணங்களை அன்றே ஏற்றுவதாக இருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள், படங்கள், காணொளிகள். தொடங்குவதற்கான பொத்தான் என் திரையில் இருந்தது. அதை அழுத்தினால் அந்தக் குரல்களின் மேல் அவை ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும். இந்த மையத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அழுத்தினேன்.

எதிர் நாற்காலியில் அப்போது இசக்கி உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பேட்டிகளைத் தட்டச்சு செய்த தாள்கள் அவளது தனி டிரைவில் பத்திரமாக இருந்தன. அதுவே அவளுக்கு வினையாயிற்று. ஆய்வேட்டை மதிப்பிட்ட ஒருவர் மூல ஒலிப்பதிவுகளைக் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றதும் விசாரணைக் குழு அமைத்தார்கள். பேட்டியே எடுக்காமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்பது குற்றச்சாட்டு.

அவள் இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். மற்றவர்கள், குடிசைகளைக் காலிசெய்த பிறகு எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள். வந்த இருவரும், “ஆமா, எங்ககிட்ட வந்து பேசுனா, ஃபோன்ல புடிச்சா” என்றார்கள். தாளில் இருப்பதைத்தான் பேசினார்கள் என்பதற்கு என்ன சான்று என்று குழு கேட்டது. வழிகாட்டிப் பேராசிரியையும் தாள்களை மட்டுமே படித்திருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

“மேடம், பொது டிரைவுக்குத் தினமும் பேக்கப் உண்டா?”

பதிவேட்டை நீட்டினேன். வரிசையாக என் கையெழுத்து.

“அந்தப் பேக்கப்பில் இவருடைய கோப்புறை இருக்கிறதா?”

“பேக்கப்பில் அந்தக் கோப்புறை இல்லை” என்றேன்.

பாருங்கள், அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! தினமும் பிரதி எடுத்திருக்கிறார்கள். அதில் இந்தக் கோப்புறை இல்லை. ஆகவே அது ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் அப்படித்தான் முடிவுக்கு வந்தார்கள். அப்படி வருவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

குழுத் தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. அவளைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்காதா என்ற தவிப்பு அதில் இருந்தது.

“இந்தப் பதிவுகளில் ஒன்றையாவது காதால் கேட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா?”

இசக்கி திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம் மட்டுமே இருந்தது. நான் மேசைமேல் இருந்த பதிவேட்டை மூடினேன். மூடி, அதன் மேல் கைவைத்துக்கொண்டு நின்றேன்... கேட்டேன் என்றால், இருந்தது என்றாகும். இருந்தது என்றால், பேக்கப்பில் ஏன் இல்லை?

அவள் ஆய்வுப் பதிவை ரத்துசெய்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது.

சென்ற ஆண்டு அவளைப் பார்த்தேன். தாணேயில் நாத்தனார் வீட்டுக்குப் போக மாட்டுங்காவில், எல்லா நிலையத்திலும் நிற்கும் ஸ்லோ ரயிலில் ஏறியிருந்தேன். சயானில் லேடீஸ் டப்பாவுக்குள் இசக்கி ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லாருக்கீங்களா விஜிக்கா? எங்க கல்லிய, தெருவு முழுசையும் காலி பண்ணிட்டாங்க. இப்ப கல்யாண்ல இருக்கோம். சயான்ல ஒரு கிளினிக்ல ரிசப்ஷன் பாக்கேன்.”

வேறு பல்கலைக்கழகத்தில் சேரக்கூடாதா என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்தது!

“எங்கன போனாலும் பழைய யுனிவர்சிட்டி லெட்டரக் கேக்காங்க.” பிறகு சொன்னாள்: “ஒண்ணு சொல்லட்டா அக்கா? இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. நான் நெசமாவே அத சர்வர்ல போட்டேனா, இல்ல போட்டதா நெனச்சுக்கிட்டேனா? உங்ககிட்ட ஒண்ணு போட்டுக் காட்டுனேன்னு ஒரு ஞாபகம். அதுவும் என் பிரமையாத்தான் இருக்கும், இல்லியா?”

என் முகத்தையே பார்த்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

வண்டி குர்லாவில் நின்றது. கிளம்பியது. தாணே வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அரைமணி நேரம்! ஒரு சொல் போதும். ‘ஹட்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவள் தன்னைத் தானே திரும்ப நம்பியிருப்பாள்...

“பழசையெல்லாம் நினைச்சுண்டு என்ன ஆகப்போறது? விடும்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “சரிதான். ஆனா, அந்த விசாரணை அன்னைக்கு எல்லாரும் என்னப் பாத்துக் கத்துனாங்க. நீங்க மட்டுந்தான் கத்தல. அத நான் மறக்கல” என்றாள். தாணேயில் நான் இறங்கும்போது, கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் எனக்குக் கைகொடுத்து வழிவிட்டாள்.

முதல் குற்றம் எதுவென்று நான் இப்போதெல்லாம் தேடுவதில்லை. அழித்ததைவிட, பொத்தானை அழுத்தியதைவிட, அந்த அரைமணி நேரம் பெரியது. அவளுடைய ஆய்வைப் பறித்தது போதாதென்று, அவள் நினைவையும் பறித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து, கடைசியில் இப்போது எழுதிவிட்டேன். மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தீர்களா? நானும் எதிர்பார்த்தேன். ஆகவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இசக்கிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த பெண். அந்தப் பெண்களின் பேச்சைக்கூட ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வரும். அவள் மின்னஞ்சல் முகவரியும் என்னிடம் இருக்கிறது.

தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.