நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

போன வருடம் ஆடி மாதத்தில் எங்கள் பழைய கார் சாக்கோட்டைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. பதினான்கு வருடம் ஓடிய வண்டி. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதப் போட்டு உசுர வாங்காதீக" என்று சொல்லி மூடிவிட்டார். புது வண்டி வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. இன்னொரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் என்று முடிவானது. அதுவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியா, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா என்ற கேள்வி வந்தபோதுதான் தூக்கம் கெட்டது.

ஒரு கணக்கு டீச்சருக்கு வண்டியின் எந்தச் சக்கரம் இழுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனார் கல்லலைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். மாமியார் போய் ஆறு வருடமாகிறது. காரைக்குடிக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று, மசியவில்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் போவோம். என் கணவருக்கு அது அப்பாவைப் பார்க்கப் போவது. எனக்கு அது வேலைக்குப் போவது. ஐந்தரைக்கு எழுந்து, வழியில் கறி வாங்கி, ஏழரைக்கெல்லாம் அந்த வீட்டு அடுப்படியில் நிற்பேன். ஒரு வாரத்து ஒட்டடை அடிப்பேன். மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் பங்காளி வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்த்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இலையில் எது குறைகிறது என்று பார்த்து எனக்குக் குரல் கொடுப்பார். இருட்டும் நேரத்தில் வீடு திரும்பி, மறுநாள் முதல் பீரியடில் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துவேன்.

மாமனார் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

எனக்கு இருந்த ஒரே விடுதலை மழை. தோட்டத்துக்குப் போகும் பாதை கண்மாய்க் கரையை ஒட்டிப் போகிறது. ஐப்பசி பாதியில் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறிப் பாதையின் குறுக்கே ஓடும். முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் களிமண். எங்கள் பழைய வண்டியின் முன்சக்கரங்கள் அதில் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். மழை பிடித்ததும் மாமனாரே போன் செய்து, "பாத சரியில்ல, வராதீக" என்று சொல்லிவிடுவார். அன்றிலிருந்து பொங்கல் வரைக்கும் ஞாயிறுகள் என்னுடையவை. அவற்றை வைத்து நான் பெரிதாக எதுவும் சாதித்ததில்லை. எட்டு மணி வரை படுத்துக் கிடப்பேன். நைட்டியோடு பழைய சோற்றைச் சாப்பிடுவேன். கூரைத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பேன். வருடத்தில் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காகத்தான் மீதி நாட்களை ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

மெக்கானிக் எங்களுக்கு இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒன்று. முதல் வண்டியில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வைத்திருந்தது. இரண்டாவது நாலு சக்கரமும் இழுப்பது, மலைத்தோட்டத்தில் ஓடியது. புதுவயலில் தெரிந்தவருடைய ரைஸ் மில்லில் அன்று நெல் காயப் போட்டிருக்கவில்லை. அந்தச் சிமெண்டுக் களத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கச் சொன்னார் மெக்கானிக். முன்சக்கர ஆக்சில் தேய்ந்திருந்தால் டக் டக் என்று சத்தம் வருமாம். வாத்தியார் வண்டி சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்கிற அளவுக்குக் கேட்டேன்.

"இன்னொன்னு எப்படிண்ணே?" என்று என் கணவர் கேட்டார்.

"வண்டி நல்ல வண்டிதேன். ஆனா பின்னாடி ரெண்டு டயரும் புதுசு, முன்னாடி ரெண்டும் தேஞ்சிருக்கு. நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு டயரு நாலும் ஒண்ணுபோல இருக்கணும், இல்லேன்னா உள்ள இருக்குற பல்லெல்லாம் கஷ்டப்படும். பின்னாடி கியர் ஆயில் தனியா மாத்தணும். டீசலும் கூடக் குடிக்கும். ஒங்களுக்கு டவுனுக்குள்ள ஓட்டத்தான? வாத்தியாரு வண்டியே போதும்."

அவர் காலில் விழாத குறைதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் ஒரே கேள்வியில் என்னை மடக்கினார்.

"மழைக்காலத்துல அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எப்படிப் போறது?"

நியாயமான கேள்வி. பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் இருக்கிறது, இத்தனை வருடம் அப்படித்தானே சமாளித்தோம் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. வயதான மனிதரை டிராக்டரில் ஏற்றுவதைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறேனே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. இரண்டு வாரம் டயரையும் டீசலையும் கியர் ஆயிலையும் வைத்து வாதாடினேன். அசல் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உங்கள் அப்பா வீட்டுக்கு வராமல் இருக்க எனக்கு ஒரு சேறு வேண்டும் என்று எந்த மனைவி வாயைத் திறந்து சொல்வாள்?

கடைசியில் அவர், "அப்பாவையே கேப்போம்" என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, வாடகைக் காரில் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. என் கணவர் இரண்டு வண்டிகளையும் பற்றி விளக்கிச் சொன்னார்.

"எனக்கென்னப்பா, ஒங்க சௌகரியந்தேன்" என்றார் மாமனார்.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டின்னா மழையிலயும் வரலாம்பா."

"வந்தா சந்தோசந்தேன். வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றவர், நான் நின்ற பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா சொல்ற?"

அதற்குத்தான் இரண்டு வாரமாகத் தயாராகியிருந்தேன். டயர் தேய்மானம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் மாமனார் மருமகளிடம் அபிப்பிராயம் கேட்டால் அது அபிப்பிராயம் அல்ல, மரியாதை. மரியாதைக்கு மரியாதைதான் பதில். அந்தப் பதில் நான் யோசிக்காமலேயே என் வாயிலிருந்து வந்தது.

"மழ நேரத்துலயும் வந்து ஒங்களப் பாத்துக்கிட்டா நல்லதுதானே மாமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. 'உங்கள் இஷ்டம்' என்று நிறுத்தியிருக்கலாம். அதையும் தாண்டிப் போய் நானே பூட்டிக்கொண்டேன். மாமனார் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு, "அப்புறம் என்ன, மருமகளே சொல்லிருச்சு, அதையே வாங்குங்க" என்றார். அவர் மனம் நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய்த் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

வண்டி வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். என் கணவர் டயர் நான்கையும் ஒன்றுபோல மாற்றினார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை இரவும் விடவில்லை. தோட்டத்துப் பக்கம் டவர் போய்விட்டது, மாமனாருக்குப் போன் போகவில்லை. ஞாயிறு காலை என் கணவர் ஐந்து மணிக்கே குளித்துவிட்டு வண்டிச் சாவியோடு நின்றார். அவ்வளவு உற்சாகமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது.

கலுங்குத் தண்ணீருக்குள் வண்டி இறங்கும்போது நான் கண்ணை மூடி, சிக்கிக்கொள்ளட்டும் சாமி என்று மனதார வேண்டினேன். களிமண் ஏற்றத்தில் முன்சக்கரம் வழுக்கியது. ஒரு கணம் வண்டி நின்றது. எனக்கு மூச்சு வந்தது. உடனே பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியதுபோல ஓர் உந்தல். வண்டி ஏறிவிட்டது.

"பாத்தியா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார் அவர்.

பார்த்தேன். இனி எந்த மழையும் எனக்கு இல்லை என்று தெரிந்தது. அழுகை வந்தது, மழைத் தண்ணீரைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தோட்டத்து வாசலில் கேட்டைத் திறக்க நான் மட்டும் இறங்கினேன். குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சாமான் வைக்க இடம் பார்க்கலாம் என்று வீட்டை நெருங்கினேன். மழைச் சத்தத்தில் வண்டி வந்தது உள்ளே கேட்டிருக்காது. ஜன்னல் வழியாக வறுத்த கருவாட்டின் மணம் வந்தது. ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் மாமனாரிடம் அதைத் தொடவே கூடாது என்றிருந்தார். இன்னொரு சத்தமும் வந்தது. பாட்டு. எட்டிப் பார்த்தேன்.

மாமனார் கூடத்தின் நடுவே வெறுந்தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கிழிந்த பனியன். நிமிர்ந்து உட்காரும் அந்த நாற்காலியின் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாதி வார்த்தை மறந்துபோன ஏதோ பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

அப்போது என் கணவர் ஹாரன் அடித்தார்.

பாட்டு நின்றது. மாமனார் கண்ணைத் திறந்து, ஜன்னலில் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஞாயிறு விடியலில் அலாரம் அடிக்கும்போது கண்ணாடியில் நான் பார்க்கும் முகம். ஒரு நொடிதான். அதற்குள் கையை ஊன்றி எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைத் தலைவழியே மாட்டினார். பொத்தான் போடக்கூட நேரமில்லாமல் வாசலுக்கு வந்தார்.

"வாங்க வாங்க! மழைன்னு எங்க வராமப் போயிருவீகளோன்னு இருந்தேன்."

அவரும் ஆவணியில் மரியாதைக்குத்தான் பேசியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கே போனை எடுத்து 'வராதீக' என்றது எங்கள் வண்டிக்காக அல்ல. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட. ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இருவருமாகச் சேர்ந்து ஒரு காரை வாங்கி எங்களையே கட்டிப் போட்டுக்கொண்டோம்.

அன்று மழையில் பங்காளிகள் யாரும் வரவில்லை. நான் குழம்பு வைத்தேன். கருவாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரே அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டுவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கணவர் கலுங்கைத் தாண்டிய கதையை மூன்று தடவை சொன்னார்.

கிளம்பும்போது மாமனார் குடையோடு கேட் வரைக்கும் வந்தார். என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"அடுத்த வாரமும் மழ இருக்குன்னு சொல்றாகத்தா. பாத இன்னும் மோசமாத்தேன் ஆகும்."

மகனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். குடையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் வழிந்துகொண்டிருந்தது, அதைக் கவனிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் கேட்பது புரிந்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மழை என்னப்பா செய்யும் இந்த வண்டிய?" என்று என் கணவர் சிரித்தார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வராம இருப்போமா மாமா" என்றேன்.

"வாங்கத்தா" என்றார் அவர். குடையை நிமிர்த்திக்கொண்டு, கேட்டைச் சாத்தத் திரும்பினார்.