ஈச்ச வெல்லம்

மட்டாஞ்சேரி பஜாரில் என்னை ராஜா கதை எழுதுகிற ஆள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்கு எல்லையில், வங்காளத்துப் பக்கம் சண்டை நடந்தபோது, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்காக அங்கே போய்க் கிடந்தவன் நான். பட்டாளத்து லாரிகளில் தொற்றிக்கொண்டு, குண்டு விழுந்த ஊர்களைப் பார்த்துத் தந்தி அடித்தவன். திரும்பி வந்தபோது அத்தா மௌத்தாகியிருந்தார். மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும். அவருக்கு மிளகு வியாபாரம். கிடங்குக்கு மேலே இருந்த அறையின் சாவியை என் கையில் கொடுத்து, இருந்துகொள் என்றார். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பார் என்று நினைத்தேன். வருஷம் பத்தாயிற்று.

அண்ணன் மட்டுமா? சாயாக்கடையில் முதல் வாரம் ஒரு சேட்டன், பீரங்கியைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அத்தோடு பேச்சு மத்தி மீன் விலைக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதுதான் ஆளைத் தின்னும்.

சரி, எழுதியாவது தொலைப்போம் என்று நாலைந்து வருஷம் கழித்து ஒரு வாரப்பத்திரிகை ஆசிரியரைக் கேட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, முடிந்த சண்டையை யார் படிப்பார்கள், கோட்டை, கப்பல், ராஜா என்று எழுதுங்கள் என்றார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது பழங்கஞ்சியாம், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது சுடச்சுட இட்லியாம்! என்ன நியாயமோ. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, எழுதினேன்.

எனக்கென்று ஒரு வேலை முறை உண்டு. சண்டையிலிருந்து ஓடிவந்தவர்களிடம், என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சோறு பாதி வெந்திருந்தது, அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தோம் என்று ஆரம்பிப்பார்கள். பிறகு எல்லாம் தானாக வரும். சரித்திரத்திலும் அதையே செய்தேன். எந்த ராஜாவின் சண்டையானாலும், அன்றைக்கு அவனுடைய ஆட்கள் என்ன தின்றார்கள் என்றுதான் என் அத்தியாயம் தொடங்கும். வாசகர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மதுரை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்தெல்லாம் எழுதினார்கள். நேரில் கண்டதுபோல எழுதுகிறீர்களே, ஐயா எப்போதாவது சண்டையைப் பார்த்ததுண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். அதைக் கேட்கவும் அறையில் ஆளில்லை.

எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் பிள்ளைகள் படிப்பது மலையாளம். அண்ணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். போடி, விருதுநகர் வியாபாரிகளோடு பழக்கம் இருக்கிறதே. ஒரு நாள் கிடங்கில் நுழைந்தால், என் தொடர் வந்த பக்கத்தைக் கிழித்துப் பொட்டலம் மடித்து, அதில் சாம்பிள் மிளகைப் போட்டு ஒரு தரகரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். என் பாண்டிய ராஜா அதில் தலைகீழாக நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மாடி ஏறினேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். கூடப் பிறந்தவனுக்கே வேண்டாதவன் எங்கே இருந்தால் என்ன?

நோன்பு மாதம் பிறந்தது. வெளியே அடைமழை. நோன்பு திறக்க மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். மதினி காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு, வாயில் கொழுக்கட்டை வைத்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அந்த வாரம் கொச்சிக் கோட்டைக்காகப் போர்ச்சுகீசியப் பரங்கியும் டச்சுக்காரனும் அடித்துக்கொண்ட அத்தியாயம் வந்திருந்தது. உயிருக்குப் பயந்து காயலைக் கடக்கும் குடும்பங்கள் தோணியில் அவலும் ஈச்ச வெல்லமும் தின்றதாக எழுதியிருந்தேன். யோசித்து எழுதியதல்ல, கை பாட்டுக்கு எழுதிற்று.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அண்ணன் பேரீச்சம்பழத்தைத் தின்று, கொட்டையை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே, ஈச்ச வெல்லம் என்று எழுதியிருக்கிறாயே என்றார். தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் படிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"படிச்சிட்டுத்தானே கிழிக்கிறேன்" என்றார், இது ஒரு கேள்வியா என்பது மாதிரி.

பிறகு நிதானமாகச் சொன்னார். நம் கரைக்குக் கருப்பட்டி வரும், கரும்பு வெல்லம் வரும், ஈச்ச மரத்து வெல்லம் அத்தா காலத்திலும் வந்ததில்லை, அது வங்காளத்துச் சரக்கு. சரி, தப்பைப் பிடித்துவிட்டார், இனிமேல் கேலிதான் என்று நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அதை உனக்கு யாருடா தந்தாங்க?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. சொன்னேன். மார்கழிக் குளிரில் ஒரு சாலை. காணாமல்போன பிள்ளையைத் தேடி ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போன ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வழக்கம்போல், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று என்னோடு வந்த, அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவரைக் கேட்கச் சொன்னேன். எனக்குத்தான் பசி, அதனால் கேட்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவலையும் ஈச்ச வெல்லத்தையும் என் கையில் வைத்தாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். வேண்டாம் என்றாலும் விடவில்லை. நான் தின்று முடிக்கிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, பிள்ளையைத் தேடி நடந்தாள். கொஞ்சம் தள்ளி அந்தச் சாலையில்தான் குண்டு விழுந்தது. நான் அடித்த தந்தியில் சாலை இருந்தது, குண்டு இருந்தது. அவள் இல்லை.

சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் தேற்றவில்லை. அவருக்கு அதெல்லாம் வராது. ஆறிப்போயிருந்த என் கஞ்சியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தானே சூடாக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குடி. குடிச்சிட்டு முதல்லேருந்து சொல்லு."