எட்டு என்று வைத்தது பதினாறு ஆனது

பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களின் தாடைக்கடியில் ஒளி அளக்கும் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கேமராவைத் தொடுவாள். அதனால் அந்தத் தெருவில் அவளுக்கு மீட்டரக்கா என்று பேர். அண்ணனுடைய ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. அண்ணன் தன் மகளோடு இருக்க வெளியூர் கிளம்பியதும் கடைக்குப் பூட்டு விழுந்தது. நாற்பத்தாறு வயதில், கிடங்குத் தானியத்தைத் தின்னும் பூச்சிகளை ஆராயும் கூடமொன்றில் படமெடுக்கும் வேலைக்கு மனுப் போட்டாள். மூன்று மாதம் தற்காலிகம், படம் பிடித்திருந்தால் நிரந்தரம் என்றார்கள்.

கூடத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். அளந்து பேசுகிறவர். முதல் நாளே அரிசியைவிடச் சின்னதான இரண்டு பழுப்பு வண்டுகளைக் கொடுத்தார். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்று பறக்கும், மற்றது பறக்காது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கன்னமேட்டின் அளவில்தான் வித்தியாசம்; பறக்கிறதுக்கு அது சின்னது. கிடங்குக்காரர்கள் பார்த்ததும் தெரிந்துகொள்கிற மாதிரி அது படத்தில் விழ வேண்டும்.

அவள் பழைய வழக்கப்படி வண்டுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்து ஃபிளாஷை அடித்துப் பார்த்தாள். மீட்டர் எட்டு என்றது. லென்ஸின் வளையத்தையும் எட்டில் திருப்பினாள். அந்த எண் ஏற ஏற லென்ஸுக்குள் இருக்கும் துளை சுருங்கும், எண் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது அவளுக்கு மனப்பாடம். சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸைக் கிட்டே கொண்டுபோய், வண்டை அதன் நிஜ அளவிலேயே பதிகிற மாதிரி எடுத்தாள்.

திரையில் கரிக்கட்டை.

கணினியில் வெளுக்க வைத்துப் பார்த்தாள். மணலை அள்ளி இறைத்தது போல் இருந்தது. துளையை அகலத் திறந்தால் வெளிச்சம் வந்தது, ஆனால் வண்டின் தலை தெளிந்து பின்பக்கம் கரைந்துபோனது. பழுதுபார்ப்பவரிடம் காட்டினாள். லென்ஸ் கல்லு மாதிரி இருக்கிறது என்று கையில் கொடுத்துவிட்டார். பஸ் ஓட்டும் கணவரிடம் புலம்பினாள். இத்தனை வருடம் மனுஷ மூஞ்சி பார்த்த லென்ஸ், வண்டு மூஞ்சி பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் போயிருந்தது.

மறுநாள் காலை வண்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்தையும் துளையையும் மாற்றாமல், தள்ளி நின்று ஒரு படம், நெருங்கி ஒன்று, இன்னும் நெருங்கி ஒன்று எடுத்தாள். நெருங்க நெருங்கத் தாள் மங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் லென்ஸைக் கவனித்தாள். கிட்டத்துக்குத் திருப்பத் திருப்ப அது தொலைநோக்கி போல வெளியே நீண்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். தூரத்தைப் பார்க்கும்போது, கேமராவுக்குள் படம் விழும் தட்டுக்கும் லென்ஸுக்கும் இருந்த இடைவெளி, நிஜ அளவில் எடுக்கும்போது இரட்டித்திருந்தது.

தூரம் இரட்டித்தால் அதே வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவும். தட்டில் விழுவது கால் பங்குதான். வளையத்தில் எட்டு என்று இருந்தாலும் வேலை செய்தது பதினாறு. தாடைக்கடியில் பிடித்தே பழகியதால் மீட்டர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். மனித முகத்தின் தூரத்தில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ஃபிளாஷை வண்டிடமிருந்து பாதித் தூரத்துக்கு நகர்த்தினாள். மீட்டர் பதினாறு என்றது. வளையத்தை எட்டிலேயே விட்டாள். எடுத்தாள். வண்டின் முதுகில் இருந்த மயிர்கூட எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது.

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பறக்காத வண்டுகளின் பெட்டியை எடுத்து வந்து, அதில் ஒன்றைக் காட்டி இதையும் எடுக்கச் சொன்னார். எடுத்ததில் கன்னமேடு சின்னதாகத் தெரிந்தது.

"இது பறக்கிற ஜாதி. போன வருஷம் நான்தான் மாத்தி வெச்சிருக்கேன்" என்றார் மேடம். பேனாவை எடுத்து அந்த வண்டின் பெயர்ச் சீட்டை அவரே திருத்தினார். "நீ வர்றதுக்கு முன்னாடி இங்க எடுத்த படமெல்லாம் இருட்டு. சரி, வண்டே மங்கல் நிறம்தானேன்னு விட்டுட்டோம். எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் லென்ஸை நீட்டியும் சுருக்கியும் காட்டிச் சொன்னாள். மேடம் ஒரு தடவை கேட்டார், புரியாமல் இன்னொரு தடவை கேட்டார்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே நிரந்தரம் என்று கடிதம் வந்தது. கூடவே மேடம் ஒரு சின்னத் தட்டையும் நீட்டினார். அதில் அந்துப்பூச்சி முட்டைகள் இருந்தன. நிஜ அளவைப் போல இரண்டு மடங்காக வேண்டுமாம்.

மீட்டரக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ லென்ஸ் மூணு மடங்கு தள்ளிப் போகும், ஒம்பது மடங்கு வெளிச்சம் வேணும் மேடம். இந்த ஃபிளாஷ் தாங்காது, இன்னொண்ணு வாங்கிக் குடுங்க."