போன வருஷக் குங்குமம்

பர்மாவில், தாமுவே பேட்டையில் ஒரு வாள் சேகரிப்பாளர் இருந்தார். எல்லோரும் அவரை 'சயா' என்று கூப்பிட்டார்கள். பர்மியப் பேச்சில் வாத்தியாரையும் வைத்தியரையும் அப்படித்தான் அழைப்பது. இவர் இரண்டுமில்லை, ஓடும் சிமெண்டும் விற்றவர். வீட்டுச் சுவரில் பன்னிரண்டு ஜப்பான் பட்டாள வாள்களை மாட்டியிருந்தார். அதுதான் மொத்தத் தகுதி. அந்தப் பன்னிரண்டில் மூன்று, லாரிப் பட்டையை அடித்துச் செய்தவை. ஒன்றில் எழுத்தே தலைகீழாகப் பொறித்திருந்தது. கேட்டால், "சண்டை நேரத்து அவசரம், அப்படித்தான் அடிப்பான்" என்பார். எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொல்வார்: "சயா பேச ஆரம்பிச்சா வாளே உறைக்குள்ள போயிரும்."

எனக்குப் பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் சைக்கிள் கடை. பழைய இரும்பு கைக்கு வரும். கழற்றிப் பார்த்தே வாள் படித்தவன் நான். கைப்பிடியில் ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று, உள்ளே மறைந்திருந்த வால்பகுதி வெளியே வரும். வாளின் ஜாதகம் அங்கேதான். அதிலுள்ள துருவைத் தொடக்கூடாது, வயதைச் சொல்வது அந்தத் துருதான். போர்க்காலத்து வாள்கள் சிலவற்றில், வாலில் சிவப்புப் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருப்பார்கள். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கோத்த மெல்லிய வில்லைகளிலும் அதே எண்ணை அடித்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் வாள் முழுசாகப் பிறந்தது. ஒத்துப்போகாவிட்டால் யாரோ சந்தையில் ஒட்டுப்போட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஒருவர் லுங்கித் துணியில் சுற்றி ஒரு வாளைக் கொண்டுவந்தார். சித்தாங் ஆற்றங்கரையில், மழைக்காலத்தில், காய்ச்சலில் கிடந்த ஜப்பான் அதிகாரியை அவருடைய அப்பா படகில் அக்கரை சேர்த்தாராம். அதிகாரி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த வாளாம்.

"ஊர்ல ஒருத்தரும் நம்பலண்ணே. பழைய இரும்புக் குவியல்ல பொறுக்கி ஒட்டவச்சதுன்னு அவரு சாகுறவரைக்கும் கேலி பண்ணாங்க. எனக்கு விக்கிற எண்ணமெல்லாம் இல்ல. அப்பா பொய் சொன்னாரா இல்லையா, அது தெரிஞ்சா போதும்."

மழை ஈரத்தில் மூங்கில் ஆணி ஊறி இறுகியிருந்தது. தட்டினால் பிடி பிளந்துவிடும். "மழை ஓயட்டும், தானா இளகும். அதுவரைக்கும் யார் கையிலயும் குடுக்காதீங்க" என்றேன்.

விஷயம் சயா காதுக்குப் போனது. ஆயுத பூஜைக்குத் தன் வாள்களோடு இதையும் வைப்பதாகவும், ஆணியையும் தானே எடுத்துத் தருவதாகவும் ஃபிட்டருக்கு ஆள் அனுப்பினார். ஃபிட்டர் நல்ல மனிதர், கொடுத்துவிட்டார்.

பூஜையன்று இருவரும் போனோம். பாயின் மேல் வரிசையாக வாள்கள். நடுவில் ஃபிட்டருடையது, பிடி கழன்று, நுனிமுதல் வால்வரை குத்துவிளக்கு மாதிரி மின்னியது. சந்தனப் பொட்டு வேறு. பக்கத்தில் வில்லைகள். குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 417. வாலில் ஒன்றுமேயில்லை.

"சயா, இதுல செவப்பா ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. போன வருஷக் குங்குமம். அதுமேல துரு வேற, பாக்க சகிக்கல. புளியும் செங்கல்பொடியும் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சேன். இப்ப பாரு, கண்ணு கூசுது."

"எங்க வீட்டுல இதுக்குப் பொட்டே வச்சதில்ல சயா" என்றார் ஃபிட்டர்.

"அப்ப உங்கப்பா வச்சிருப்பார். கோணல்மாணலா மூணு இழுப்பு. கை நடுங்கியிருக்கும், வயசாச்சில்ல."

நான் சயாவின் முகத்தைப் பார்த்தேன். வெட்கமோ சந்தேகமோ ஒரு சொட்டு இல்லை. பித்தளைச் சொம்புக்கும் வாளுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள், பன்னிரண்டு வாளுக்கு நடுவில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பிடியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மரத்தின் உள்பக்கம் கடுகளவு சிவப்பு ஒட்டியிருந்தது. அதை எந்த எண்ணாகவும் வாசிக்க முடியாது.

அது என்னவென்று நான் விளக்கியபோது சயா கையை ஆட்டினார். "யாதே, யாதே. பரவால்ல விடு. நம்பர் போனா என்ன, வாள் இருக்குல்ல?"

ஃபிட்டர் வில்லைகளை ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எங்கப்பா மேல விழுந்த பழியக் கழுவத்தான் குடுத்தேன் சயா. நீங்க வேற எதையோ கழுவிட்டீங்க."

சயாவுக்கு அது புரியவில்லை. பிரசாதப் பொரியைக் காகிதத்தில் கட்டி அவர் கையில் திணித்தார்.

தாமுவே ஸ்டேஷனில் சுற்று ரயிலுக்கு நின்றோம். ஃபிட்டர் வாளை மறுபடி லுங்கித் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பினார்.

"நாலு, ஒண்ணு, ஏழு. அதுதானேண்ணே இருந்திருக்கும்?"

"அதுதான்" என்றேன்.

கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு நான் சான்று சொன்னது அந்த ஒரு தடவைதான். சயாவோ பன்னிரண்டு வாளைச் சுவரில் மாட்டிவைத்து, அதைத் தினமும் செய்துகொண்டிருந்தார்.