குரல் நரம்பும் ஒரு பிற்பகல் அழைப்பும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் அவர்களுக்கு,

இதை வாசிப்பவர் யாரென்று அறியேன். ஆதலால் இருபாலாரையும் வணங்கியே தொடங்குகிறேன். பேய், பிசாசு, அசரீரி போன்றவற்றில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. திருநெல்வேலி டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் ஆயுளின் பெரும்பகுதியை நின்றே கழித்தவன் நான். துணியை விரித்து, முந்தியைப் புரட்டி, இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே எதையும் சொல்வது என் வழக்கம். எங்கள் தெருச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமியாடுபவர் குறி சொல்லும்போதுகூடப் பணிவாகத் திருநீறு வாங்கிக்கொள்வேனே தவிர, அவர் சொன்னதைப் பாதிவழியிலேயே மறந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது இதுதான்.

என் மனைவி கோமதிக்கு முன்கழுத்தில் ஒரு கழலை வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அம்மன் கோயில் கொடையில் அவள் குலவை எழுந்த பிறகுதான் மேளக்காரர்கள் தாளத்தை முடுக்குவார்கள் என்பது தெருவில் எல்லோரும் அறிந்தது, அத்தகைய தொண்டை. ஊசி குத்திச் சோதித்ததில் கழலையின் தன்மை நல்லதாகத் தோன்றவில்லை என்றும், தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆபத்து எதில் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார்.

"மூளையிலிருந்து ஒரு நரம்பு கழுத்து வழியா நெஞ்சுக்கு இறங்குது அண்ணாச்சி. அதுல ஒரு கிளை, இடது பக்கம், இதயத்துல கிளம்புற பெரிய ரத்தக் குழாயைச் சுத்திக்கிட்டுத் திரும்ப மேலே ஏறி வந்து குரல்வளையில சேருது. வலது பக்கம் அம்புட்டுத் தூரம் போகாது, கைக்குப் போற குழாயைச் சுத்தித் திரும்பிரும். ரெண்டும் இந்தச் சுரப்பிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுத்தான் ஏறுது. அதுல கை படாம எடுக்கணும்."

"தொண்டைக்குப் போக வேண்டியது எதுக்கு நெஞ்சுவரைக்கும் போய்ட்டு வரணும்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பதில் சொல்லுமுன் கோமதி முந்திக்கொண்டாள். "இவுகள மாதிரிதான் அதுவும். முக்குக் கடையில உப்பு வாங்கிட்டு வாங்கன்னா ஜங்ஷனச் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவாக."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நரம்பு எவ்வளவு தடிமன் இருக்கும் என்று கேட்டேன். தையல் நூல் போல என்றார். நூலைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மனுஷியின் பேச்சு, சண்டை, குலவை அத்தனையும் ஒற்றை நூலில் தொங்குகிறது என்றால் அதன் பொருள் என்ன என்பதும் தெரியும்.

டவுண் ஆர்ச்சுக்கு அருகிலுள்ள எழுதுபொருள் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் தலை, கழுத்துப் படம் ஒன்றை வாங்கி வந்து அறைக் கதவின் பின்புறம் மாட்டினேன். தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். முகத்துக்குப் போகும் நரம்பு காதடியில் வெளிப்பட்டு விரித்த விரல்களைப் போலக் கன்னத்தில் பரவுவதையும், கழுத்தில் துடிக்கும் தமனியும் அதன் வெளிப்பக்கத்துச் சிரையும் ஓர் உறைக்குள் சேர்ந்து செல்ல, இரண்டுக்கும் இடையில் சற்றுப் பின்னால் அந்தப் பெரிய நரம்பு இறங்குவதையும் மனப்பாடம் செய்தேன். படித்ததால் பயம் குறையவில்லை. கோமதி பகலில் கண்ணயரும்போது பக்கத்தில் அமர்ந்து, அவள் கழுத்தில் துடிப்பு எழுந்து அடங்குவதையே பார்த்திருப்பேன். ஒருநாள் சட்டென்று கண் திறந்தாள்.

"இப்படிப் பாக்காதிய. கசாப்புக் கடை வாசல்ல நிக்க மாதிரி இருக்கு" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோமதி என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவள் வீட்டில் ஊட்டி வளர்த்திருந்தார்கள். என்னை அழைக்க வேண்டுமானால் "இந்தா பாருங்க" என்பாள்; அடுக்களையில் இருந்தால் கரண்டியால் செம்பைத் தட்டுவாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் அதுவே நடந்தது. கணவர் பெயர் என்ன என்று இளம் நர்ஸ் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் இவள், "அருவி விழுத ஊரு சாமி பேரு" என்றாள்.

"பாபநாசம்னு எழுதட்டுமா?"

"அது இல்லம்மா. சீசனுக்குக் கூட்டம் போகும்லா, அந்த ஊரு."

கடைசியில் நானே குற்றாலலிங்கம் என்று சொன்னேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. கடையிலும் தெருவிலும் நான் மணி அண்ணாச்சிதான். முழுப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே பயன்பட்டு வந்தது.

அறுவை முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். "ரெண்டு பக்க நரம்பையும் கண்ணால பாத்தேன். இடது பக்கம் கட்டியோட ஒட்டிக் கிடந்துச்சு, பைய பிரிச்செடுத்திருக்கேன். அந்தப் பிரிச்சதுல நரம்பு சோர்ந்திருக்கும். குரல் எப்படி வருதுன்னு பாக்கணும்" என்றார்.

கோமதியை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். கண் திறந்தாள், என்னை அடையாளம் கண்டாள். அதே நர்ஸ் வந்து குனிந்து, "அம்மா, குரல் வருதான்னு பாப்போம். உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க" என்றாள்.

கோமதி என்னைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது, மூடிக்கொண்டது. மெல்லத் தலையை அசைத்தாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "மயக்கம் தெளிஞ்சும் வைராக்கியம் போகல பாருங்க தாத்தா. எங்கம்மையும் இப்படித்தான், செத்தாலும் சொல்ல மாட்டா."

நானும் சிரித்தேன். எத்தனையோ நாள்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. குரல் இல்லாத பெண் தலையை அசைத்ததை, குரல் இருந்தும் சொல்ல மறுப்பதாக நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். வேறு ஊரில் பிறந்த நர்ஸாக இருந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பாளோ என்னவோ. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கோமதி மறுபடி கண்ணயர்ந்தாள். பிற்பகல் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத நினைவு அப்போதுதான் வந்தது. கீழே இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ச்சாரித் தேநீர்க்கடைக்குப் போனேன். அதற்கு முன் அந்தக் கடையில் கால் வைத்ததில்லை. கடைக்காரர் என் வயதை ஒட்டியவர். கண்ணாடிக் கிளாஸைக் கையில் வாங்கி முதல் வாய் குடிக்கும் நேரம், என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து, "குற்றாலலிங்கம்" என்று கேட்டது.

அது கோமதியின் குரல்.

உரக்கக் கூவியதாக இல்லை. பக்கத்து அறையில் இருப்பவனை அழைக்கும் அளவில்தான் இருந்தது. சாலையில் டவுண் பஸ் உறுமிக்கொண்டு போகிறது, அதற்கு மேலாக அல்ல, அதற்குள்ளாக அந்தக் குரல் தெளிவாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு விளக்குக் கம்பமும் இளநீர் வண்டியும் இருந்தன. வண்டிக்காரர் நிழலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் செவியின் பிரமை என்றே நினைத்தேன், ஐயா. கண்ணில் தூக்கம், வயிற்றில் பசி, மனத்தில் பயம், எதுதான் கேட்காது. நம்பாதவனுக்கு விளக்கங்கள் எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் கடைக்காரர் பால் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அண்ணாச்சி, அந்தம்மா உங்களையா கூப்பிடுதாக?"

"எந்த அம்மா?"

"ஆளு தெரியல. குத்தாலலிங்கம்னு கூப்பிடுதாக. இங்கன நிக்கது நீங்க ஒருத்தர்தான?"

இரண்டாம் முறையும் அழைத்தது. இம்முறை பெயர் முழுதாக வரவில்லை. நடுவில் மூச்சு அறுந்தது. கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சாலையை எப்படிக் கடந்தேன் என்பதும் தெரியாது. லிப்ட் வாசலில் கூட்டம் நின்றதால் படியேறி ஓடினேன்.

வார்டில் மற்ற நோயாளிகள் அமைதியாகப் படுத்திருந்தார்கள். கோமதியின் கழுத்துக் கட்டு பந்து போலப் புடைத்திருந்தது. முகம் நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு ஊசித் துவாரத்தில் காற்று புகுவது போல இழுத்தது. வாய் திறந்திருந்தும் ஒரு சத்தமும் இல்லை. விரல்கள் விரிப்பைப் பிசைந்துகொண்டிருந்தன. அடுத்த கட்டிலில் இருந்த பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் பணியிலிருந்த டாக்டர் வந்தார். கட்டிலிலேயே வைத்துக் கழுத்துக் கட்டை அறுத்துத் தையலைப் பிரித்தார்கள். கறுத்த ரத்தம் கட்டி கட்டியாக வெளியே வந்தது. பிறகு அவள் நெஞ்சு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. அப்படியே கட்டிலோடு தள்ளிக்கொண்டு மறுபடி தியேட்டருக்குள் போய்விட்டார்கள்.

வெளியே நின்றேன். சட்டையில் அவள் ரத்தம். படத்தில் கற்ற இடத்தில், தாடைக்குக் கீழே, என் கழுத்தில் விரலை வைத்தேன். துடிப்பு ஓடியது. இதில் பாதியை அவளுக்குக் கொடு, பேர் சொன்னதால் என் ஆயுள் குறையுமானால் குறையட்டும், அந்தக் குறைந்ததை அவள் கணக்கில் சேர் என்று நெல்லையப்பரிடம் மன்றாடினேன். அதற்கு மேல் மன்றாட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரம்மா வந்தபோது அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "சின்ன ரத்தக் குழாய் ஒண்ணு, உள்ளே நூலால போட்ட முடிச்சு நழுவிருச்சு. ரத்தம் உள்ளேயே சேர்ந்து மூச்சுக் குழாயை நெரிச்சிருக்கு. நீங்க இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் இப்ப வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன்."

"அவ கூப்பிட்டா டாக்டர். கீழே டீக்கடையில நிக்கும்போது கூப்பிட்டா."

"கூப்பிட்டிருக்க முடியாது அண்ணாச்சி. ரெண்டு குரல் நாணும் அசையல, இப்பதான் பாத்தேன். மயக்கத்துலேர்ந்து வந்ததுலேர்ந்தே அவுகளுக்குக் குரல் இருந்திருக்காது. பதட்டத்துல உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும்."

"டீக்கடைக்காரருக்கு என்ன பதட்டம்?"

அவர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

கோமதி பிழைத்தாள். வலது பக்க நரம்பு சிறிது சிறிதாக உயிர் பெற்றதாகச் சொன்னார்கள்; இடது பக்கம் இல்லை. இப்போது அவளிடம் இருப்பது காற்று மட்டுமே. அருகில் போய்க் காதைக் கொடுத்தால் சொற்கள் புரியும். வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, கழுத்துத் தழும்பு ஆறிய பிறகு கேட்டேன்: "ஏளா, அன்னைக்கு என்னயக் கூப்பிட்டியா?"

"மனசுக்குள்ள" என்று உதடு அசைந்தது.

"எப்படி? பேரச் சொல்லியா?"

இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கோயிலில் தப்பு செய்தவர்கள் போட்டுக்கொள்வது போல. அதன் பிறகு நான் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், ஐயா. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள், அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். அம்மா தேறிவிட்டார்களா என்று விசாரித்தார். தேறிவிட்டாள், குரல்தான் போய்விட்டது என்றேன். அவர் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கப்பிடாது அண்ணாச்சி. அந்தம்மா இன்னும் கூப்பிடுதாக. நேத்துகூடக் கூப்பிட்டாக. இதே வெயில் நேரந்தான்."

"நேத்து அவ வீட்டுல எம் பக்கத்துல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தா வே."

"எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லுதேன். அதே குரலு. அதே பேரு."

அன்று முதல், மருந்து வாங்குவதாக வீட்டில் சொல்லிவிட்டு, முடிந்த பிற்பகல்களில் பஸ் ஏறி அங்கே போகிறேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அந்த ஒரு நாளுக்குப் பிறகு என் காதில் அவள் குரல் விழவே இல்லை. கடைக்காரர் மட்டும் ஆற்றிக்கொண்டிருக்கும் தேநீரை நிறுத்தி, விளக்குக் கம்பத்தின் பக்கம் தலையைத் திருப்பி, "இப்ப" என்பார். உடனே நான் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "வந்துட்டேன் கோமதி, நீ பிழைச்சுட்ட, வீட்டுலதான் இருக்க" என்று சொல்வேன். டீ குடிக்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பதைப் பொருட்படுத்துவதில்லை.

சென்ற முறையும் அவ்வாறே சொன்னேன். கடைக்காரர் காதைக் கொடுத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நீங்க சொல்லுதது அவுகளுக்குக் கேக்கல அண்ணாச்சி. திரும்பத் திரும்பக் கூப்பிடுதாக. மூச்சு முட்டுது அவுகளுக்கு."

எனக்கு இதற்கு விளக்கம் தெரியாது. தாங்கள் நம்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. இக்குறிப்பை எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு மட்டும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.