குத்துவிளக்கு ஏற்ற வந்த போட்டியாளர்

விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருக்கிறது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் உட்கார்ந்து விளையாடும் கூடம். நான் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. கார்ப் பந்தய விளையாட்டு பழகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலும் ஒரு கேம் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் கடையில் ஸ்டீயரிங்கும், காலுக்கு ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் வைத்த இருக்கை உண்டு. சனிக்கிழமை மதியங்களில் அங்கே போவது அதற்காகத்தான்.

கடையின் பெரிய அலமாரிகள் முழுக்கக் கறுப்பு நிறச் சாமான்கள். அட்டைப் பெட்டிகளில் முறைத்துப் பார்க்கும் ஆண்கள். ஓரத்து அலமாரி மட்டும் ரோஸ் நிறம்: பூனைக் காது வைத்த ஹெட்செட், பூப்போட்ட கன்ட்ரோலர், மேலே ‘லேடீஸ் கலெக்‌ஷன்’ என்று ஒரு பலகை. இரண்டு நிறத்துக் கன்ட்ரோலரையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். நிறம் தவிர வித்தியாசம் எதுவும் இல்லை.

முதல் தடவை வாங்கப் போனபோது கடைக்காரர், “பையனுக்கா அக்கா?” என்றார். “எனக்கு” என்றதும் நேராக அந்த ஓரத்துக்குக் கூட்டிப் போனார். மரியாதையான மனிதர். யாரையும் புண்படுத்த நினைக்கமாட்டார். அதனாலேயே அவரிடம் எதையும் எடுத்துச் சொல்வது கொஞ்சம் சிரமம்.

சென்ற ஆண்டு கடையின் ஆண்டு விழாவுக்குப் பந்தயப் போட்டி வைத்தார். ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டலாம். வேகமாக முடிக்கும் எட்டுப் பேர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். பெண்களுக்கு என்று ‘மகளிர் சுற்று’ ஒன்றும் இருந்தது. அதில் திரையில் கேக் அலங்கரிக்க வேண்டும். நான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஆறாவது இடம் கிடைத்தது. “சூப்பருக்கா! ஃப்ளெக்ஸுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க” என்றார். அலுவலகத்துக்காக எடுத்த படம் கைவசம் இருந்தது. கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி. அதையே அனுப்பினேன்.

எங்கள் ஊரில் காதுகுத்து முதல் கடைதிறப்பு வரை ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்காது. விழாவன்று கடை வாசலில் அது ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கீழ் வரிசையில் எட்டு இளைஞர்கள், ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் தீ ஜுவாலை. என் படம் அந்த வரிசையில் இல்லை. மேலே, பூமாலை சுற்றிய வட்டத்துக்குள், ஒரு குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தேன். ‘விழாவைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைப்பவர்’ என்று போட்டிருந்தது.

கடைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

“எல்லார் போட்டோவையும் மொத்தமாத்தான் அனுப்புனேன்க்கா. செல்லூர்ல டிசைன் பண்றவரு உங்களப் பாத்ததும் சீஃப் கெஸ்ட்டுன்னு நெனச்சுட்டாரு. ஏழு பேருதான் இருக்காக, இன்னொரு போட்டோ அனுப்புங்கன்னாரு. எனக்கும் அப்பத் தோணல. ஒம்பதாவது வந்த தம்பி போட்டோவ அனுப்பிட்டேன்.”

“அப்ப என் இடம்?”

“ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சேக்கா. அந்தத் தம்பி வீட்டுல இருந்து எல்லாரும் வந்திருக்காக. நீங்க விளக்கேத்துங்க, அதான் கௌரவம். சால்வகூட வாங்கி வச்சிருக்கேன். வெளையாடணும்னா மகளிர் சுற்று இருக்குல்ல?”

அதற்குள் உள்ளேயிருந்து மைக்கில் என்னை அழைத்துவிட்டார்கள். கூடத்தில் ஸ்டீயரிங் இருக்கைக்கு முன்னால் குத்துவிளக்கு, ஐந்து முகத்திலும் திரி போட்டுத் தயாராக இருந்தது. யாரோ என் கையில் எரியும் மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். நான் விளக்கைத் தொடாமல் நின்றேன்.

“ஏத்துங்கக்கா” என்றார் கடைக்காரர்.

“ஏத்துறேன். நான் போட்டிக்கு வந்தவ, ஆறாவது இடம். நானும் ஓட்டுறேன்னு மைக்குல சொல்லுங்க. சொன்னதும் ஏத்துறேன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விளக்கேற்றாமல் விழாவைத் தொடங்க அவருக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். மெழுகு உருகி விரலில் சொட்டியது. பின்வரிசையில் ஒரு குரல், “இம்புட்டு நேரம் விளக்கேத்துறத இப்பத்தாண்டா பாக்குறேன் மாப்ள” என்றது.

என் இடத்தில் படம் வந்திருந்த இளைஞர் எழுந்தார். “அண்ணே, நான் வெலகிக்கிறேண்ணே. அக்கா ஓட்டுறத நான் பாத்திருக்கேன்.”

“மாப்ள, அப்ப ஸ்டேட்டஸ்ல வச்ச ஃப்ளெக்ஸையும் தூக்கிரு” என்றான் அவர் நண்பன். கூடமே சிரித்தது. அவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அவர் விலக வேணாம்” என்றேன். “ஒவ்வொருத்தராத்தான ஓட்டுறோம்? ஒம்பது பேரா ஓட்டுவோம்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார். மைக்கை வாங்கினார். “ஒரு சின்ன மாற்றம். இறுதிப் போட்டியில ஒம்பது பேரு. நம்ம அக்காவும் ஓட்டுறாக.”

ஐந்து திரிகளையும் ஏற்றினேன்.

என் முறை வந்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் ஓட்டும்போது கத்திக்கொண்டிருந்தார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் வேகத்தைச் சற்றுத் தாமதமாகக் குறைத்தேன். சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. கடைசி நேர்ப்பாதையில் கொஞ்சம் மீட்டேன். ஒன்பது பேரில் ஐந்தாவதாக வந்தேன். அந்த இளைஞருக்கு எட்டாவது இடம். பரிசு முதல் மூவருக்குத்தான்.

மகளிர் சுற்றுக்கான மேசைப் பக்கம் ஒரு பெண் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அப்போதுதான் உள்ளே வந்திருக்க வேண்டும். நான் அருகில் உட்கார்ந்ததும், “உங்க பையன் எத்தனாவது வந்தான்க்கா?” என்றார்.

“நான் அஞ்சாவது வந்தேன்.”

அவர் திரும்பி ஸ்டீயரிங் இருக்கையைப் பார்த்தார். “அதுல நாம உக்காரலாமா?”

“உக்காரலாம். செருப்பக் கழட்டிருங்க. அப்பத்தான் பிரேக் காலுக்குத் தெரியும்.”